சோப்பு உறைக்குள் ஒரு வீரன்

1991ஆம் ஆண்டு ஜப்பானின் எப்போக் நிறுவனம் ‘பார்கோடு பேட்லர்’ என்றொரு கையடக்க விளையாட்டுப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதன் திரையில் கண்ணைக் கவரும் சண்டைக் காட்சி எதுவும் கிடையாது, எல்லாம் எண்கள்தான். பெட்டியில் ஒரு நீண்ட இடுக்கு. பார்கோடு அச்சிட்ட அட்டையை அந்த இடுக்கில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால், கோடுகளுக்குள்ளிருந்து ஒரு வீரன் புறப்படுவான்: உயிர் இவ்வளவு, பலம் இவ்வளவு, தற்காப்பு இவ்வளவு. பெட்டியோடு வந்த அட்டைகள் போதாதென்றால், வீட்டில் கிடக்கும் பொட்டலங்களின் பார்கோட்டை வெட்டிப் பயன்படுத்தலாம். அதுவரை குப்பையாக இருந்த நூடுல்ஸ் உறையும் பற்பசைப் பெட்டியும் படை திரட்டும் இடங்களாகிவிட்டன.

இன்று அந்தப் பெட்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை. மேசை இழுப்பறையில் தூங்கும் பழைய வெப்கேம் ஒன்று, ஒரு காலணி அட்டைப் பெட்டி, ஒரு படிக்கும் கண்ணாடி, கொஞ்சம் நிரல் எழுதும் ஆர்வம் ஆகியவை இருந்தால் அதே வித்தையை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் செய்யத் தொடங்கும் பலர் முதல் நாளே சோர்ந்துபோகிறார்கள். கேமராவில் பார்கோடு பளிச்சென்று தெரியும். நிரலோ கல்லாக உட்கார்ந்திருக்கும். ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள, பார்கோட்டைப் பார்த்ததும் நம் மனதில் எழாத ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். தகவல் எல்லாம் கோடுகளின் அகலத்தில்தான் இருக்கிறது என்றால், கோடுகளை ஏன் இவ்வளவு உயரமாக அச்சிடுகிறார்கள்?

மணலில் இழுத்த நான்கு விரல்கள்

அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் ட்ரெக்ஸல் கல்விக்கூடத்தைச் சேர்ந்த நார்மன் ஜோசப் உட்லேண்ட், பெர்னார்ட் சில்வர் என்ற இருவரும் 1948இல் ஒரு சிக்கலைக் கையில் எடுத்தார்கள். கடையில் வாங்கும் பொருளை, பில் போடும் இடத்தில் இயந்திரமே அடையாளம் காண வேண்டும். உட்லேண்ட் மயாமி கடற்கரையில் உட்கார்ந்து மோர்ஸ் குறியீட்டின் புள்ளிகளையும் கோடுகளையும் யோசித்துக்கொண்டிருந்தார். கை விரல்கள் நான்கையும் மணலில் ஊன்றித் தன்னை நோக்கி இழுத்தார். நான்கு கோடுகள் விழுந்தன. மோர்ஸின் புள்ளியைக் கீழ்நோக்கி இழுத்தால் மெல்லிய கோடு. கோட்டை இழுத்தால் தடித்த பட்டை. பார்கோடு பிறந்தது அங்கேதான்.

ஆனால் எந்தத் திசையிலிருந்தும் படிக்க முடிய வேண்டும் என்பதற்காக, கோடுகளை வளைத்து வட்டங்களாகவும் அவர்கள் காட்டினார்கள். 1949இல் விண்ணப்பித்த காப்புரிமை 1952இல் கிடைத்தது. கடைகள்தான் தயாராக இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து அமெரிக்க மளிகைத் துறை ஒரே குறியீட்டைத் தேடியபோது, வட்டக் குறியும் களத்தில் இருந்தது; ஐபிஎம் நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் உருவாக்கிய நேர்கோட்டுக் குறியும் இருந்தது. வட்டத்துக்கு ஒரு நோய் இருந்தது. அச்சு இயந்திரத்தில் காகிதம் ஓடும் திசையில் மை லேசாக இழுபடும். வட்டத்தில் இழுபட்டால் ஏதாவது ஒரு பக்கம் அகலம் கெட்டுவிடும். நேர்கோட்டிலோ, காகிதம் ஓடும் திசையிலேயே கோட்டையும் நிறுத்திவிட்டால், இழுபட்ட மை கோட்டை இன்னும் கொஞ்சம் உயரமாக்கும், அவ்வளவுதான். அகலத்துக்கு ஒன்றும் ஆகாது.

1973இல் நேர்கோடுகள் தேர்வாயின. 1974 ஜூன் 26 அன்று ஓஹையோ மாநிலத்தின் ட்ராய் ஊரில் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ரிக்லி நிறுவனத்தின் சூயிங்கம் பொட்டலம் ஒன்று முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது.

லாரரின் குறியில் உள்ள இந்தச் சூட்சுமத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: உயரத்தின் திசையில் தகவல் எதுவும் இல்லை, ஆகவே அந்தத் திசையில் எந்தக் கோளாறு நடந்தாலும் நட்டமில்லை. 1973இல் மைக்குச் செய்த இந்த ஏற்பாடுதான் நம் வெப்கேமுக்கும் கைகொடுக்கப்போகிறது.

95 கட்டங்கள்

நம் ஊர்ப் பொட்டலங்களில் இருப்பது 13 இலக்கக் குறி. பார்கோட்டின் முழு அகலத்தையும் கணக்கு நோட்டில் உள்ளதுபோலச் சம அகலமுள்ள 95 கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டமும் கறுப்பு அல்லது வெள்ளை. இரு ஓரங்களிலும் கறுப்பு–வெள்ளை–கறுப்பு என்று மூன்று கட்டக் காவல் கோடுகள்; நடுவில் ஐந்து கட்டக் காவல். இவற்றுக்கு இடையே இடப்பக்கம் ஆறு இலக்கம், வலப்பக்கம் ஆறு இலக்கம். ஒரு இலக்கத்துக்கு ஏழு கட்டம். மொத்தமாக எண்ணினால் 30 கருங்கோடுகளும் 29 வெண்ணிற இடைவெளிகளும் இருக்கும்.

இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஆறு என்றால் பன்னிரண்டுதானே? பதின்மூன்றாவது எங்கே? அமெரிக்காவின் முதல் குறியில் பன்னிரண்டு இலக்கங்களே இருந்தன. பின்னர் ஐரோப்பியர்கள் அகலத்தைக் கூட்டாமலே இன்னொரு இலக்கத்தை உள்ளே வைக்க ஒரு தந்திரம் செய்தார்கள். இடப்பக்க இலக்கம் ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக எழுதலாம்: கறுப்புக் கட்டங்கள் ஒற்றைப்படையாக வரும்படி ஒரு விதம், இரட்டைப்படையாக வரும்படி இன்னொரு விதம். ஆறு இலக்கங்களில் எது எது எந்த விதம் என்ற வரிசையே முதல் இலக்கத்தைச் சொல்லிவிடும். இந்தியப் பதிவுக்கு உரிய 890இல் தொடங்கும் பார்கோட்டில் 8 என்ற இலக்கத்துக்குத் தனிக் கோடு கிடையாது. ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை, இரட்டை, ஒற்றை என்ற வரிசைதான் அந்த 8.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. இடப்பக்கத்தின் முதல் இலக்கம் எப்போதும் ஒற்றைப்படை விதத்தில்தான் இருக்கும். வலப்பக்கம் முழுவதும் இரட்டைப்படை. அட்டையைத் தலைகீழாகக் காட்டினால் முதலில் இரட்டைப்படை வந்து நிற்கும். நிரல் உடனே புரிந்துகொண்டு வரிசையைத் திருப்பிப் போட்டுவிடும். விளையாடும் அவசரத்தில் பிள்ளைகள் அட்டையை எப்படி நீட்டினாலும் பிரச்சினை இல்லை.

கேமராவின் கணக்கு

சாதாரண அளவில் அச்சிட்ட பார்கோட்டில் ஒரு கட்டத்தின் அகலம் 0.33 மில்லிமீட்டர். இரு பக்கமும் விட வேண்டிய வெற்றிடத்தையும் சேர்த்தால் மொத்த அகலம் சுமார் 37 மில்லிமீட்டர். ஒரு கட்டத்தை நம்பிக்கையாகப் படிக்கக் குறைந்தது இரண்டு பிக்சல்களாவது வேண்டும். வீட்டுக் கருவி தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பக்கவாட்டில் 60 டிகிரி பார்க்கும் பழைய வெப்கேம் ஒன்று. படத்தின் அகலம் 640 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அட்டையை 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கிறீர்கள். அந்தத் தூரத்தில் கேமரா பார்க்கும் அகலம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு 1.8 பிக்சல். அப்படியானால் ஒரு கட்டத்துக்கு 0.6 பிக்சல்தான். கறுப்பும் வெள்ளையும் ஒரே பிக்சலுக்குள் கலந்து சாம்பலாகிவிடும். நம் கண்ணுக்குப் பார்கோடு ‘தெரிவது’ பழக்கத்தால். படத்தில் அந்தத் தகவலே இல்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனமான நிரலும் இல்லாததைப் படிக்க முடியாது.

வழி என்ன? அருகில் கொண்டுபோக வேண்டும். 1280 பிக்சல் அகலம் எடுக்கும் கேமராவாக இருந்தால் 15 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு கட்டத்துக்கு 2.4 பிக்சல் கிடைக்கும். போதும். ஆனால் உடனே அடுத்த இடைஞ்சல் வரும்: முகத்தைக் காட்டுவதற்காகவே செய்த மலிவான வெப்கேம், அரை மீட்டர் தள்ளி இருப்பதைத்தான் தெளிவாகக் காட்டும். 15 சென்டிமீட்டரில் எல்லாம் மங்கல்.

சில கேமராக்களில் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகினால் தெளிவு மாறும். அந்த வசதி இல்லாதவற்றுக்கு நாற்பது வயதைக் கடந்தவர்கள் செய்வதையே செய்யலாம்: கண்ணாடி போட்டுவிடலாம். லென்ஸின் திறனை டையாப்டரில் சொல்வார்கள். மீட்டரில் உள்ள தூரத்தால் ஒன்றை வகுத்தால் வருவது அது. அரை மீட்டரில் தெளிவாகப் பார்க்கும் கேமரா 2 டையாப்டரில் நிற்கிறது. 15 சென்டிமீட்டரில் பார்க்க ஏறத்தாழ 7 வேண்டும். பற்றாக்குறை 5. நடைபாதைக் கடையில் விற்கும் +2.5 பவர் படிக்கும் கண்ணாடியை வாங்கி, இரண்டு கண்ணாடிகளையும் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பவர் கூடி 5 ஆகும். அதைக் கேமராவின் முன் ஒட்டினால் 14 சென்டிமீட்டரில் எழுத்தெல்லாம் கத்தரித்ததுபோல் நிற்கும்.

கண்ணாடி கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. விளையாட்டு நம்முடையது, அட்டையும் நம்முடையது. பார்கோட்டை இரண்டு மடங்கு பெரிதாக அச்சிட்டால், 30 சென்டிமீட்டர் தூரத்திலேயே அதே 2.4 பிக்சல் கிடைத்துவிடும். கடைக்காரருக்கு இல்லாத சுதந்திரம் இது.

கைவேகமும் விளக்கொளியும்

வீட்டு வெளிச்சத்தில் வெப்கேம் ஒரு படத்துக்கு ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம்கூட எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அட்டை விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில், அதாவது மெதுவாகத்தான், நகர்ந்தால்கூட 3.3 மில்லிமீட்டர் தள்ளிப்போயிருக்கும். பத்துக் கட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசப்பட்டுவிடும். விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து படமெடுக்கும் நேரத்தை ஐந்நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் நகர்வு 0.2 மில்லிமீட்டராகக் குறையும், அரைக் கட்டத்துக்குச் சற்றே கூடுதல், சமாளித்துவிடலாம்.

ஆனால் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. அட்டையைக் கோடுகளுக்குக் குறுக்கே நகர்த்தாமல், கோடுகளின் நீளவாக்கில் நகர்த்துங்கள். கோடு தன் மீதே வழுக்கிப் போகும்; அகலம் அப்படியே நிற்கும். அச்சு மைக்கு லாரர் செய்த ஏற்பாடு இதேதான்.

இதில் இன்னொரு பலனும் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான வெப்கேம்கள் படத்தை ஒரே நொடிப்பொழுதில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாக எடுக்கின்றன. மின்சார விளக்குகள் பலவும் நம் மின்னோட்டத்துக்கு ஏற்ப விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. படமெடுக்கும் நேரத்தைக் குறைத்தால் படத்தில் குறுக்கே இருட்டுப் பட்டைகள் ஓடும். கோடுகள் படத்தில் செங்குத்தாக நின்றால் இதுவும் தொந்தரவு இல்லை. ஏனென்றால் நாம் படிப்பது ஒரு கிடைவரியை. அந்த வரி முழுவதும் ஏறக்குறைய ஒரே கணத்தில் எடுக்கப்பட்டது. இருட்டென்றால் வரி முழுதும் இருட்டு, வெளிச்சமென்றால் வரி முழுதும் வெளிச்சம். கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு கெடுவதில்லை.

பளபளப்பான உறை இன்னொரு எதிரி. விளக்கு நேராகப் பட்டுத் தெறித்தால் கோடுகள் வெள்ளைக்குள் மறையும். விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். அட்டையைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். காலணிப் பெட்டியின் மேல்மூடியில் துளையிட்டுக் கேமராவைக் கீழ்நோக்கிப் பொருத்தி, பக்கச் சுவரில் சிறு எல்இடி விளக்கு ஒட்டி, அடியில் அட்டை நுழைய ஒரு இடுக்கு வெட்டிவிட்டால் தூரம், வெளிச்சம், திசை மூன்றும் ஒரே வேலையில் முடிந்துவிடும். பார்கோடு பேட்லரின் இடுக்குக்கும் இதுதான் வேலை.

ஐம்பது சாட்சிகள்

படம் கிடைத்துவிட்டது. இனி நிரலின் பாடு. முதலில் நிறத்தைக் கழற்ற வேண்டும். கேமராவின் உணர்தட்டில் பாதிப் பிக்சல்கள் பச்சைக்கும் கால்பங்கு சிவப்புக்கும் கால்பங்கு நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1970களில் வகுத்த அமைப்பு இது. நுணுக்கம் பச்சையில்தான் அதிகம். எனவே பச்சையை மட்டும் எடுத்துக்கொண்டாலே நல்ல பலன் கிடைக்கும்.

ஒரு கிடைவரியில் உள்ள பிக்சல்களின் ஒளி அளவை வரிசையாக எழுதினால் 200, 190, 85, 40, 60, 170 என்று மலையும் பள்ளமுமாக ஒரு எண்தொடர் வரும். எதற்குக் கீழே இருந்தால் கறுப்பு? எல்லா இடத்துக்கும் ஒரே எல்லை வைத்தால், நிழல் விழுந்த பக்கத்து வெள்ளை கறுப்பாகிவிடும். அக்கம்பக்கத்துப் பிக்சல்களின் சராசரியோடு ஒப்பிட்டு இடத்துக்கு இடம் எல்லையை மாற்றிக்கொள்வதே நல்லது. எல்லைக்கோடு இரண்டு பிக்சல்களுக்கு நடுவே எங்கே விழுகிறது என்பதையும் விகிதம் போட்டுக் கண்டுபிடிக்கலாம். ஒரு பிக்சலுக்கும் குறைவான துல்லியம் இப்படித்தான் கிடைக்கிறது.

இனி நம் பழைய கேள்விக்கு வருவோம். கோடுகள் ஏன் இத்தனை உயரம்? ஒரே செய்தியை ஒவ்வொரு வரியும் திரும்பத் திரும்பச் சொல்வதற்காகத்தான். மலிவான கேமராவின் ஒவ்வொரு பிக்சலிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொய்யான ஒளிர்வு இருக்கும். ஒரு வரியை மட்டும் கேட்டால் ஏமாந்துபோகலாம். ஐம்பது வரிகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால், அந்தப் பொய்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஏழில் ஒரு பங்காகக் குறையும். ஐம்பதின் வர்க்கமூலம் ஏழுக்குச் சற்று மேல். செலவழித்தது கொஞ்சம் கூட்டல் மட்டுமே.

ஒரே நிபந்தனை, அட்டை நேராக இருக்க வேண்டும். ஒரு டிகிரி சாய்ந்தால்கூட ஐம்பது வரிக்குள் கோடு 0.9 பிக்சல் நகர்ந்துவிடும். அட்டைப்பெட்டியின் இடுக்கு இங்கே மறுபடியும் உதவுகிறது. கையில் பிடித்துத்தான் காட்டுவேன் என்பவர்கள், வரிகளைக் கூட்டாமல் ஒவ்வொரு வரியையும் தனியாகப் படித்து வாக்கெடுப்பு நடத்த வேண்டும்.

அகலத்திலிருந்து எண்ணுக்கு

கருங்கோடு, வெண்கோடு அகலங்கள் கைக்கு வந்ததும் இலக்கம் கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு இலக்கமும் இரண்டு கருங்கோடும் இரண்டு வெண்கோடும் சேர்ந்தது. நான்கின் அகலமும் சேர்ந்தால் ஏழு கட்டம். நமக்கு வேண்டியது விகிதம்தான். அட்டை அருகே வந்தால் எல்லாம் பெருக்கும், தள்ளிப்போனால் எல்லாம் சிறுக்கும். 3:2:1:1 என்ற விகிதம் மாறாது. அந்த விகிதம் பூஜ்யம். 1:1:1:4 என்றால் ஆறு. பார்கோடு பேட்லரின் இடுக்கில் சிறுவர்கள் வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் கருவி படித்ததற்கும் இதுவே அடிப்படை.

மை பரவினால் கருங்கோடு பருத்து வெண்கோடு மெலியும். கேமராவில் வெளிச்சம் மிஞ்சினால் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஆனால் ஒரு கருங்கோட்டின் இடது விளிம்பிலிருந்து அடுத்த கருங்கோட்டின் இடது விளிம்பு வரை அளந்தால் அந்தத் தூரம் மாறுவதில்லை. இரண்டு விளிம்பும் ஒரே பக்கம் ஒரே அளவு நகர்வதால் வந்த நன்மை. ஒரே பக்க விளிம்புகளுக்கு இடையே இப்படி எடுத்த அளவுகளிலேயே இலக்கங்கள் பெரும்பாலும் பிரிந்துவிடும். 1க்கும் 7க்கும், 2க்கும் 8க்கும் மட்டும் இந்த அளவுகள் ஒன்றாகவே வரும். அங்கே கருங்கோட்டின் தடிப்பைத் தனியாகப் பார்த்தாக வேண்டும். உங்கள் கருவி 1ஐ அடிக்கடி 7 என்று படித்தால் நிரலைத் திட்டுவதற்கு முன் விளக்கைச் சரிபாருங்கள்.

கடைசி இலக்கம் காவலாளி. முதல் 12 இலக்கங்களை இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையை அடுத்த பத்தின் மடங்காக்க எது தேவையோ அதுவே 13ஆவது இலக்கம். ஒற்றை இலக்கப் பிழை எதுவும் இந்தக் காவலைத் தாண்டாது. ஆனாலும் குருட்டாம்போக்கில் வந்த எண்களில் பத்தில் ஒன்று தாண்டிவிடும். விநாடிக்கு முப்பது படம் படிக்கும் கருவிக்கு அது அபாயம். அடுத்தடுத்து மூன்று படங்களில் ஒரே எண் வந்தால்தான் ஏற்பது என்று விதி வைத்துக்கொண்டால் பேய் வீரர்கள் வரமாட்டார்கள்.

இதையெல்லாம் எழுதப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஸீபார், ஸீஎக்ஸிங் போன்ற இலவச நிரல்தொகுப்புகள் இருக்கின்றன. படத்தைக் கையாள ஓப்பன்சிவி இருக்கிறது. பைத்தான் மொழியில் இருபது முப்பது வரிகளில் வேலை முடிந்துவிடும். ஆனால் வெளிச்சமும் லென்ஸும் தூரமும் உங்கள் பொறுப்பு. அதை எந்தத் தொகுப்பும் செய்து தராது.

எண்ணிலிருந்து வீரனுக்கு

பார்கோட்டுக்குள் விலை இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பொருளின் பெயரும் இல்லை. 890 என்ற தொடக்கம்கூட நிறுவனம் இந்தியாவில் பதிவு செய்ததைத்தான் சொல்கிறது. பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. உள்ளே இருப்பது வெறும் எண். கடையின் கணினி அந்த எண்ணைப் பட்டியலில் தேடி விலையைக் கொடுக்கிறது. நம் விளையாட்டு அதே எண்ணுக்கு வாளைக் கொடுக்கிறது.

இதை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். 2இல் தொடங்கி 200 முதல் 299 வரையான எண்கள் கடைகளும் நிறுவனங்களும் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ள விடப்பட்டவை. நம் அட்டைகளை 200இல் தொடங்கினால் வீட்டுச் சோப்போடும் பிஸ்கட்டோடும் மோதாது. அட்டை எண் 102, பலம் 50, தற்காப்பு 70, வேகம் 30 என்று ஒரு வீரன். சேர்த்து எழுதினால் 200102507030. ஒன்றால் பெருக்கப்படும் இலக்கங்களின் கூட்டல் 17, மூன்றால் பெருக்கப்படுபவை 3, பெருக்கினால் 9, மொத்தம் 26. அடுத்த பத்து 30. ஆகவே காவல் இலக்கம் 4. முழு எண் 2001025070304.

அடுக்களைப் பொட்டலங்களையும் விளையாட்டில் சேர்ப்பதானால் இந்த முறை உதவாது. முதல் மூன்று இலக்கம் பெரும்பாலும் 890. அடுத்தவை நிறுவனத்தைக் குறிப்பவை. அவற்றைப் பலமாக எடுத்தால் எல்லா வீரர்களும் அண்ணன் தம்பிகளாக இருப்பார்கள். முழு எண்ணையும் ஒரு பகா எண்ணால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்வது நல்ல வழி. மேலே உள்ள எண்ணையே 97ஆல் வகுத்தால் மீதி 12, அது பலம். 89ஆல் வகுத்தால் 20, தற்காப்பு. 83ஆல் வகுத்தால் 66, வேகம். முதல் விளையாட்டில் கோட்டைபோல் நின்ற அதே அட்டை, இரண்டாவதில் அடித்துவிட்டு ஓடுகிற பொடியன். எண் மாறவில்லை, விதிதான் மாறியது. ஆனால் ஒரு விளையாட்டுக்குள் விதி மாறாது என்பதால், இன்று தோற்ற சோப்பு நாளையும் அதே வீரனாகத்தான் வரும். பிள்ளைகள் நல்ல பொட்டலத்தைத் தேடி அலமாரியைக் குடைவது அதனால்தான்.

இரண்டு நடைமுறைக் குறிப்புகள். முதலாவது, அட்டை கேமராவின் முன் இருக்கும்வரை ஒரே எண் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். ஒரு முறை காட்டினால் ஒரு அடி என்று இருக்க வேண்டிய இடத்தில் முப்பது அடி விழும். அட்டை விலகி ஒரு விநாடி ஆன பிறகே அதே எண்ணை மறுபடி ஏற்க வேண்டும். இரண்டாவது, யூஎஸ்பியில் இணையும் கடை ஸ்கேனர்கள் பெரும்பாலும் கணினியிடம் தங்களைக் கீபோர்டு என்றே அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. எண்ணைத் தட்டிவிட்டு என்டர் அழுத்துகின்றன. நம் நிரலும் அப்படியே செய்தால், எண்ணை உள்ளிடக் கேட்கும் எந்த விளையாட்டோடும் அதை இணைத்துவிடலாம்.

வெப்கேமும் அட்டையும் சேர்ந்த விளையாட்டைப் பெரிய நிறுவனங்களும் முயன்றதுண்டு. 2007இல் சோனியின் பிளேஸ்டேஷன் 3 கருவிக்கு வந்த ‘தி ஐ ஆஃப் ஜட்ஜ்மென்ட்’ விளையாட்டில், ஒன்பது கட்டப் பலகையின் மேல் வைத்த அட்டைகளைக் கேமரா மேலிருந்து படிக்கும். அட்டைகளில் இருந்தது மெல்லிய கோடுகள் அல்ல, தள்ளி நின்றே படிக்கக்கூடிய பெரிய கட்டங்கள். பிக்சல் கணக்கு அவர்களையும் விட்டுவைக்கவில்லை.

இன்று தேநீர்க் கடையில் தொங்கும் கியூஆர் சதுரம் 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் பிறந்தது. அது உயரத்தையும் தகவலுக்கே செலவழித்துவிடுகிறது. இலவசத் திசை போய்விட்டதால், அழிந்த கட்டங்களை மீட்கும் கனமான கணிதத்தை உள்ளே வைக்க வேண்டியிருந்தது. பழைய பார்கோடு அதே காரியத்தைக் கோட்டை நீட்டி முடித்துக்கொண்டது. முதன்முதலாகச் சொந்த ஸ்கேனர் செய்பவருக்குப் பார்கோடுதான் நல்ல ஆசிரியர். பிழை எங்கே நடந்தது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

கேமராவை எடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அடுக்களைக்குப் போய் ஏதாவது ஒரு பொட்டலத்தை எடுத்து, பென்சிலும் காகிதமுமாக உட்காருங்கள். கோடுகளுக்கு அடியில் உள்ள முதல் 12 இலக்கங்களை 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு தேவை என்று சொல்லுங்கள். 13ஆவது இலக்கம் நீங்கள் சொன்னபடியே அங்கே அச்சாகி இருக்கும்.